கூப்பிடு தூரம்

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் என் அண்ணன் வையாபுரி. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். இன்றைக்கு விடியற்காலையில் அவன் செத்துப்போனான். செத்துப்போனவனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். செத்துப்போனால் செய்தது செய்யாததாக ஆகிவிடுமா, நீங்களே சொல்லுங்கள் தம்பி.

உட்காருங்கள். உட்காரக் கூடாதா? நின்றுகொண்டேதான் காவல் காக்க வேண்டுமா? சரி, நில்லுங்கள். நின்றபடியே கேளுங்கள். நீங்கள் அந்த மூலையில் நின்று போனில் "ஓம் ஓம், ஆறு மணிக்குப் பூட்டிப்போட்டு வாறன்" என்று பேசியது காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. யாழ்ப்பாணமா? அந்தப் பக்கமா? இருக்கட்டும். குகதாசன். நல்ல பெயர். என் பெயர் ராசலிங்கம். சொந்த ஊர் மணப்பாறை. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் நாற்பது வருஷம் ரிவிட் அடித்தவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. இந்தப் பாரீஸில் என் மகள் மலர்க்கொடி வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு நாளாகிறது.

சுவரெல்லாம் படம் இருக்க, இந்த ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் ஏன் இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். நாற்காலியில் இருக்கிற கிழவி என் அம்மா. அழகாயி. உட்கார்ந்திருக்கிறாள் என்றா நினைத்தீர்கள்? உயிர் இல்லை. கிட்டப் போய்ப் பாருங்கள். துண்டால் நெஞ்சோடு சேர்த்து நாற்காலியில் கட்டியிருக்கிறது. தாடைக்கு ஒரு கட்டு. நெற்றியில் காசு. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படித்தான். உயிரோடு இருக்கும்போது ஒருவரும் படம் எடுக்க மாட்டார்கள். செத்த அன்றைக்கு ஸ்டுடியோக்காரருக்கு ஆள் அனுப்பி, பிணத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் இருத்தி, பிள்ளைகுட்டி எல்லாம் சுற்றி நின்று ஒரு படம். முதல் படமும் அதுதான், கடைசிப் படமும் அதுதான்.

என்னைத் தேடாதீர்கள். நான் இதில் இல்லை.

நான் இங்கே வந்த நாளிலிருந்து மகள் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். குறை சொல்ல முடியாது. அந்த இரும்புக் கோபுரத்துக்குக் கூட்டிப்போனாள். எல்லாரும் அண்ணாந்து உச்சியைப் பார்த்தார்கள். நான் காலடியில் ரிவிட்டைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சூடு பண்ணி அடித்தது தம்பி, ஒன்றுகூடக் கோணல் இல்லை. தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். "அப்பா, மேலே போகணும் வாங்க" என்றாள். மேலே போய் என்ன செய்ய? மேலே காற்றுதான். பிறகு ஆற்றில் படகு. பிறகு கூரை எரிந்துபோன பெரிய கோயில். பிறகு இன்னொரு நாள், அரண்மனை மாதிரி ஒரு இடம். உள்ளே ஒரு பெண்பிள்ளையின் படத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்க ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற மாதிரி கூட்டம். ஒரு ஆள் இடித்துத் தள்ளினான். சாரி சொல்லவில்லை. தலையில் முடியில்லாத ஆள், பச்சைச் சட்டை. பார்த்தால் அடையாளம் சொல்வேன்.

அங்கே கல் சிலைகள் வைத்திருக்கிறார்கள். கை உடைந்தது, மூக்கு உடைந்தது, தலையே இல்லாதது. எங்கள் ஊரில் சிலை பின்னப்பட்டால் கொண்டுபோய் ஆற்றில் விட்டுவிடுவோம், பூசைக்கு ஆகாது. இங்கே விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். "உடைஞ்சாலும் தூக்கிப் போட மாட்டாங்கப்பா" என்றாள் மலர். அதை ஏன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்? அவள் பேச்சே அப்படித்தான். அவள் பெரியப்பன் வீட்டில் வளர்ந்த பேச்சு.

அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாவதுக்கு மேல் அவளை அவன்தான் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தான். அவனுக்கு இரண்டு பெண்கள், என் பெண் மூன்றாவது. நான் அனுப்பவில்லை. என் வீட்டுக்காரி பவுனு கொண்டுபோய் விட்டாள். எனக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, என் பெண் மட்டும் அவன் வீட்டுச் சோறு. என்னிடமிருந்து அதையும் எடுத்துக்கொண்டான் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் இந்த இடத்துக்கு வந்தோம். "நம்ம ஊர்ப் பக்கத்து ஸ்டுடியோ போட்டோவெல்லாம் வச்சிருக்காங்களாம்ப்பா" என்று கூட்டி வந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரர், மூடிப்போன ஸ்டுடியோக்களின் பழைய நெகட்டிவ் பெட்டிகளை வாங்கி வந்து, இப்படிப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறார். கல்யாண ஜோடி, மொட்டை அடித்த குழந்தை, பொம்மைக் கார் ஓட்டுகிறவன். பார்த்துக்கொண்டே வந்தேன். இங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது.

நாற்பத்தைந்து வருஷம் தம்பி. இந்தப் படத்தின் பிரதியை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் வீட்டு நடுச் சுவரில் மாட்டியிருந்ததாம், கறையான் தின்றுவிட்டதாம். அம்மா முகம் எனக்கு மறந்தே போயிருந்தது. அதோ, வலது கைப் பக்கம் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாளே, மூக்குத்தி, அதுதான் பவுனு. என் வீட்டுக்காரி. போய் ஆறு வருஷமாகிறது. இருபத்திரண்டு வயசு அப்போது. அந்த வயசில் அவளுக்கு வேறு படமே கிடையாது. இடுப்பில் இருக்கிறது மலர். மலர் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். "பேர் தெரியாத குடும்பம்னு போட்டிருக்கு." எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. பெயர் தெரியாத குடும்பமா? எங்களுக்குப் பெயர் இல்லையா? "கூப்பிடு பொறுப்பானவங்களை" என்றேன். ஒரு அம்மாள் வந்தாள், நரைத்த முடி, கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்டவள். மலர் விஷயத்தைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். வரிசையாகப் பெயர் எழுதித் தரச் சொன்னாள், சீட்டை மாற்றிவிடுகிறோம் என்று. மலர் எழுதினாள். அந்த அம்மாள் விரலை வைத்து ஒவ்வொருவராகக் கேட்டாள். நாற்காலிக்கு இடப் பக்கம் அண்ணி நல்லம்மாள், அவள் பெண்கள். தங்கச்சி செல்லம்மா, அவள் புருசன். நாற்காலிக்கு வலப் பக்கம் அண்ணன் வையாபுரி. அவனுக்கு அடுத்தாற்போல் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கிறது, பார்த்தீர்களா? அதற்கும் அடுத்தாற்போல்தான் பவுனு. அந்த அம்மாள் விரல் அந்தக் காலி இடத்தில் வந்து நின்றது. மலரைப் பார்த்தாள். மலர் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்கு எடம் விட்டிருக்காங்கப்பா."

எனக்கா இடம் விட்டான்? நான் வரவில்லை என்று உலகத்துக்குக் காட்டுவதற்கு விட்ட இடம் அது. நெருங்கி நின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நாற்பத்தைந்து வருஷம் கழித்துக் கடல் தாண்டி வந்தும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் விரல் அங்கே போய் நிற்கிறது என்றால், எத்தனை கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறான்!

இன்னொன்று பாருங்கள். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். குழந்தைகூடப் பார்க்கிறது. அவன் ஒருவன் மட்டும் கழுத்தைத் திருப்பித் தெருவைப் பார்க்கிறான். பெற்ற தாயோடு எடுக்கிற கடைசிப் படம், அதில்கூட நேராக நிற்கத் தெரியாதவன். அப்படிப்பட்ட ஆள்.

போன் அடிக்கிறது. தெரியும். மலர்தான். அடிக்கட்டும்.

நான் ஏன் இதில் இல்லை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முந்தின வருஷம் தங்கச்சி செல்லம்மாவுக்குக் கல்யாணம். அழைக்க அண்ணன் கரூருக்கு வந்தான். நான் பட்டறையில் இருந்தேன். தாம்பூலத்தட்டைப் பவுனு கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். கூடப் பிறந்தவனை அழைக்கிற முறையா அது? புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்க, கையில் கொடுத்து, "வாடா தம்பி" என்று சொல்ல வேண்டாமா? பட்டறைக்கும் வந்தானாம். பவுனு சொன்னாள். நான் பஸ் சேசிஸுக்கு அடியில் படுத்திருந்தேன், ரிவிட் அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கூப்பிட்டானாம். கேட்டமாதிரிதான் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டால் போதுமா? குனிந்து பார்க்க முதுகு வளையாதா? கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை.

அப்புறம் அம்மா வந்தாள். தனியாகப் பஸ் ஏறி, குளித்தலையில் இறங்கி மாறி வந்தாள். வாசலில் நின்றே கேட்டாள்: "ஏண்டா, எம் பொணத்துக்காச்சும் வருவியா மாட்டியா?"

"அவன் வந்து 'வாடா தம்பி'ன்னு கூப்பிடட்டும், வர்றேன்" என்றேன்.

"நல்லதுக்குத்தாண்டா கூப்பிடணும். கெட்டதுக்கு யாருடா கூப்பிடுவா? காதுல விழுந்தா ஓடியாறதுதானே சாவு."

"எனக்குக் கூப்பிடணும்."

அக்கம்பக்கத்து வீட்டாரெல்லாம் கேட்டார்கள். நாலு பேர் காதுபடச் சொன்ன சொல். அதை மாற்ற முடியுமா? அம்மா தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். எட்டு மாசத்தில் தந்தி வந்தது.

நான் கிளம்பாமல் இல்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள் தம்பி. தந்தி வந்த உடனே பவுனுவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளையவன். அம்மாவுக்கு நெருப்பு வைக்க வேண்டியவன் நான். காலையில் பத்து மணிக்கு மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அங்கிருந்து எங்கள் வீடு இரண்டு தெரு. பறைச்சத்தம் கேட்கிறது. பெண்கள் ஒப்பாரி வைக்கிறது கேட்கிறது. அந்தச் சத்தத்தில் எது செல்லம்மா குரல் என்றுகூட எனக்குத் தெரிகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பவுனு, "எந்திரிங்க" என்றாள்.

"அவனை வரச் சொல்லு" என்றேன்.

"பொணத்தைப் போட்டு வச்சுக்கிட்டு இது என்னங்க ஞாயம்?"

"நீ போ. அவன் வந்து கூப்பிட்டா வர்றேன்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆள் மேல் ஆள் வந்தார்கள். தங்கச்சி புருசன் வந்தார். "வாங்க மச்சான், எல்லாரும் உங்களுக்காகத்தான்..." என்று கையைப் பிடித்தார். நீர் கூப்பிட வேண்டியவர் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். சாவுச் சடங்கு செய்கிற குடிமகன் வந்தான். ஊர்க்கவுண்டர் வந்தார். அண்ணன் வரவில்லை. என்ன சொல்லி அனுப்பினான் தெரியுமா? பிணத்தின் தலைமாட்டில் பெற்ற பிள்ளை ஒருவனாவது இருக்க வேண்டுமாம். "அவன் வந்து உக்காரட்டும், நான் எந்திரிச்சுப் போய் அவனைக் கூப்பிடுறேன்" என்றானாம். நான் போய் உட்கார்ந்த பிறகு என்னைக் கூப்பிட அவன் எங்கே போவான்? கேலியா பண்ணுகிறான்?

சிரிக்காதீர்கள் தம்பி. சிரிக்கவில்லையா? சரி.

ஸ்டுடியோக்காரர் மதியத்திலேயே வந்துவிட்டாராம். பவுனு பின்னால் சொன்னாள். கறுப்புத் துணிக்குள் மூன்று தடவை தலையை விட்டாராம், மூன்று தடவையும் அண்ணன் "இரு" என்று கையைக் காட்டினானாம். வெயில் இறங்கி, வெளிச்சம் போய்விடும் என்று ஸ்டுடியோக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் எடுக்கவிட்டானாம். சாவு வீட்டிலும் அதிகாரம். எல்லாரையும் வெயிலில் நிறுத்தி வைத்து வேடிக்கை.

சாயங்காலம் பாடைத்தேர் கட்டித் தூக்கினார்கள். சுடுகாட்டுக்கு பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான் போக வேண்டும். நான் எழுந்து நின்றேன். முன்னால் அவன் வருகிறான், மேலெல்லாம் ஈரம், கையில் கொள்ளிச்சட்டி. என் சட்டி அது. டீக்கடைக்கு நேராக வந்ததும் நின்றான். பறை நின்றது. தூக்கி வந்தவர்கள் நின்றார்கள். தெருவே நின்றது. என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சட்டியை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்தான், சூடு தாங்கவில்லை போல. ஒரு டீ குடிக்கிற நேரம் இருக்கும். அப்படியே நின்றான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஒழுகுகிறது, வாய் கோணிக்கொண்டு போகிறது, சத்தம் வரவில்லை. அப்புறம் யாரோ, "பொழுது எறங்குதப்பா" என்றார்கள். போய்விட்டான்.

என் கொள்ளியை அவன் வைத்தான். இதைவிட ஒரு மனுசன் இன்னொரு மனுசனுக்கு என்ன செய்ய முடியும்?

திரும்பவும் போன். நீங்கள் ஏன் பதறுகிறீர்கள்? "எடுங்கோ ஐயா, எடுங்கோ" என்கிறீர்கள். எடுத்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எட்டு மணிக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பாள். டிக்கெட் போட்டுவிட்டாள், இரண்டு பேருக்கும். என்னைக் கேட்டா போட்டாள்?

காலையில் அண்ணி போன் பண்ணினாள். என் போனுக்கு இல்லை, மலர் போனுக்கு. மலர் அதைச் சத்தமாக வைத்து என் முன்னால் நீட்டினாள். "தம்பி, உங்கண்ணன் போயிட்டாரு. எனக்கு ஆம்பளைப் பிள்ளையில்ல, கொள்ளி எந் தம்பிதான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். நாளன்னைக்குக் காலை வரைக்கும் வச்சிருப்போம்." அவ்வளவுதான். அழுதாள்.

சொல்லுங்கள் தம்பி. இதில் "வாங்க" என்ற சொல் எங்கே இருக்கிறது? செத்தான் என்றாள். வைக்க வேண்டும் என்றாள். பெட்டியில் இருக்கிறது என்றாள். தகவல் சொல்வது வேறு, கூப்பிடுவது வேறு. போன மாசம் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது மலரிடம் அவனே பேசினானாம், "அவனை ஒருதரம் வரச் சொல்லு தாயி" என்று. வரச் சொல்லு! அது அவளுக்குச் சொன்னது. எனக்குச் சொன்னதா? என் நம்பர் அவனிடம் இல்லையா?

அம்மாவுக்கு அன்றைக்கு மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்திருக்க முடியவில்லை. இவனுக்கு மட்டும் இரண்டு நாள் பெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்களாம். யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? மலருக்காக. வெளிநாட்டுப் பெண்.

அதனால்தான் மலர் துணிமணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது நான் கிளம்பி இங்கே வந்துவிட்டேன். தொண்ணூற்றாறாம் நம்பர் பஸ், ஏழாவது நிறுத்தம், எண்ணிக்கொண்டே வந்தேன். வாசலில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய நுழைவுச் சீட்டைக் காட்டினேன். அந்தப் பெண் சீட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். அம்மா கண்ணெதிரே இருக்கிறாள். அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? உங்கள் அம்மாவுக்கா? இங்கே தங்குவதற்கான பேப்பர் கிடைக்கவில்லை என்று போக முடியாமல், போனில் பார்த்தீர்களா? எந்த வருஷம்? குளிப்பாட்டியது, தூக்கியது எல்லாம் போனிலேயா? பாவம். ஆனால் உங்கள் கதை வேறு தம்பி. உங்களைக் கூப்பிட ஆள் இருந்தது, போக வழி இல்லை. எனக்குப் போக வழி இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. எது பெரிய கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கோபிக்காதீர்கள். இந்தாருங்கள், போனை நீங்களே எடுத்துப் பேசுங்கள். இங்கே இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சொல்லிவிட்டீர்களா? என்ன சொன்னாள்? அழுகிறாளா? டாக்ஸியில் இந்த வழியாகவே வருகிறாளா? வரட்டும். வந்து கூப்பிடட்டும். மகள் வந்து முறையாகக் கூப்பிட்டால் அப்புறம் பார்க்கலாம். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. சட்டைகூட வெள்ளைச் சட்டைதான் போட்டு வந்திருக்கிறேன், பார்த்தீர்கள் அல்லவா?

அந்தப் பெரிய கண்ணாடி வழியாகத் தெரு நன்றாகத் தெரிகிறது. இந்த ஊரில் கடை மாதிரி எல்லாவற்றுக்கும் கண்ணாடி.

அதோ. அவள்தான். இரண்டு பெட்டி. என் பெட்டியையும் எடுத்து வந்திருக்கிறாள்.

உள்ளே வராமல் ஏன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிற்கிறாள்? பெட்டியோடு உள்ளே விட மாட்டார்களா? பெட்டியை வெளியே வைத்துவிட்டு வரக் கூடாதா? ஓ, அதுவும் ஆகாதா? ஐந்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டீர்களா? சட்டம் எல்லாம் எனக்கென்றுதான் வரும் தம்பி. பிணத்தை விட்டு நகரக் கூடாது என்று ஒரு சட்டம், பெட்டியோடு வரக் கூடாது என்று ஒரு சட்டம்.

கை காட்டுகிறாள். கை காட்டுவது கூப்பிடுவதா? பஸ்ஸைக்கூடத்தான் கை காட்டி நிறுத்துகிறோம்.

வாய் அசைகிறது. என்னவோ சொல்கிறாள். "வாங்கப்பா" என்கிறாளோ என்னவோ. உங்களுக்குக் கேட்கிறதா? எனக்கும் கேட்கவில்லை. கனமான கண்ணாடி. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நிற்பதைப் பாருங்கள், அவள் பெரியப்பன் மாதிரி கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியதுதானே?

நீங்கள் போக வேண்டாம். நான் சொல்கிறேன், நில்லுங்கள். போகிறீர்களா? போங்கள். போய்க் கேட்டு வாருங்கள்.

என்ன சொன்னாள்? "அப்பாவை வரச் சொல்லுங்க, டாக்ஸி நிக்குது." மறுபடியும் பார்த்தீர்களா? வரச் சொல்லுங்க. உங்களிடம் சொல்லி அனுப்புகிறாள். அதே வீட்டில் வளர்ந்தவள், அதே பழக்கம். இல்லை தம்பி, கையை விடுங்கள். என்னைத் தூக்கிவிட வேண்டாம். அன்றைக்கும் ஒருத்தர் இப்படித்தான் கையைப் பிடித்தார். அவரும் நல்ல மனுசர்தான்.

மணி பார்க்கிறாள். டாக்ஸிக்காரன் ஹாரன் அடிக்கிறான், அது மட்டும் கேட்கிறது.

ஒரு பெட்டியை ஏற்றுகிறான். மற்றதை ஏன் கீழேயே விட்டிருக்கிறாள்? அது என் பெட்டி. அதை வாசலோரம் சுவரில் சாய்த்து வைக்கிறாள். யாரோடு பேசுகிறாள் போனில்? மருமகனோடு இருக்கும், வந்து என்னைக் கூட்டிப்போகச் சொல்வாள். ஏறுகிறாள். ஏறிவிட்டாள்.

எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்தாளா?

இல்லையா? சரி. அவள் அம்மாவும் பார்க்கவில்லை.

போகட்டும். நாளன்றைக்குக் காலையில் தங்கச்சி மகனோ யாரோ வைப்பான். என் கையில் இருந்ததை அவன் எடுத்துக்கொண்டான், அவனுடையதை வேறு யாரோ எடுத்துக்கொள்ளட்டும். வாடா தம்பி. இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல நாற்பத்தைந்து வருஷம் இருந்தது அவனுக்கு. சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். நான் கேட்டதில் என்ன தப்பு? காடு கேட்டேனா, வீடு கேட்டேனா?

விளக்கை அணைக்கிறார்களே. மூடுகிற நேரமா? ஒரு நிமிஷம் தம்பி. அந்தச் சீட்டை மாற்றிவிட்டார்கள் போல, ஞாயிற்றுக்கிழமை வெள்ளையாகச் சின்னதாக இருந்தது, இப்போது பெரிதாக இருக்கிறது. அதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள். மெதுவாக.

அழகாயி. சரி. நல்லம்மாள், அவள் பெண்கள். சரி. செல்லம்மா. வையாபுரி, மூத்த மகன். ம். அப்புறம்?

இளைய மகன் ராசலிங்கம்... என்ன? இன்னொரு தடவை படியுங்கள்.

வரவில்லை என்றா போட்டிருக்கிறது? மலரா எழுதிக் கொடுத்தாள் அப்படி?

பொய் தம்பி. நான் வந்தேன். காலையில் பத்து மணிக்கு வந்தேன். இரண்டு தெரு தள்ளி, டீக்கடை பெஞ்சில், பொழுது இறங்குகிறவரை இருந்தேன். ஊரே பார்த்தது. நாளைக்கு அந்தக் கண்ணாடி தொங்கவிட்ட அம்மாள் வந்ததும் நீங்களே சொல்லி மாற்றி எழுத வையுங்கள். இளைய மகன் வந்திருந்தான், கூப்பிடவில்லை. அவ்வளவு எழுதினால் போதும், மற்றது அவர்களே புரிந்துகொள்வார்கள்.

அதுவரைக்கும் நான் எங்கேயும் போகவில்லை. வேண்டுமானால் அந்த அம்மாளையே இங்கே வரச் சொல்லுங்கள்.